மலையேறி வந்த மீன்

தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிக்கு அணித்தே, பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை ஒன்று உள்ளது. அவ்வாறு காடும் மேடும் கடந்து, ஒகேனக்கல்லை அடுத்துக் காவிரியோடு கலக்கிறது. இத்தகைய ஆற்றங்கரை ஊர்களில் வாழ்வார்க்குத் தூண்டில் புதியதன்று. முள்ளில் மண்புழுவைக் கோத்து நீரிலிட்டுத் தக்கை அமிழும்வரை காத்திருப்பர். சூதிற் பெறும் வெற்றி, மீன் தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கியதை ஒக்கும் என வள்ளுவரும் உவமை கூறினார்.

குளிர்நாடுகளில் வேறொரு தூண்டில் முறை உண்டு. அங்கே இளவேனில் பிறந்ததும், நீரடியில் புழுவாய்க் கிடந்த சிறு பூச்சிகள் சிறகு பெற்று மேலெழும். அவற்றைக் கவ்வ டிரவுட் என்னும் மீன் நீரின் மேற்பரப்புக்கு வரும். அவ்வேளையில் மண்புழு வேண்டுவதில்லை. இறகும் மயிரும் பட்டுநூலும் கொண்டு, முள்ளின்மேல் கட்டிய செயற்கை ஈ ஒன்றே போதும். அந்த ஈக்கு எடையில்லை. வீசப்படும் கயிற்றின் எடையே அதனை ஏந்திச் சென்று நீர்மேல் மெல்ல இறக்குகிறது. எந்த நாளில் எந்தப் பூச்சி பறக்கும், நீரோட்டம் எங்கே தணியும், மீன் எக்கல்லின் நிழலில் நிற்கும் என்பனவற்றை அறியாதான் வெறுங்கையனாய் மீள்வான். ஆதலின் இக்கலை கையில் தொடங்குவதன்று, கண்ணில் தொடங்குவது.

இக்கலைக்கு நம் நாடும் ஒரு விலை கொடுத்தது. தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு, மெழுகு பூசினாற்போல் ஒளிரும் புள்ளிகளை உடையது. செயற்கை ஈ கட்டுவோர் அதனைப் பெரிதும் விரும்பியதால் அப்பறவைகள் பல மடிந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்று அதனைக் காத்து நிற்கிறது.

இறகு இங்கிருந்து சென்றது. மீனோ அங்கிருந்து வந்தது. நீலகிரியின் ஓடைகளைக் கண்ட ஆங்கிலேயர், தம் நாட்டு டிரவுட்டை அங்கே வாழ்விக்க விழைந்தனர். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-ஆம் ஆண்டிலேயே முயன்றார், பயன் விளையவில்லை. குளிர்நீரிலன்றி அம்மீனின் முட்டை பிழையாது. அக்காலத்துக் கடற்பயணமோ மிக நெடியது. பின்னர் எச். சி. வில்சன் என்பாரின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் தோன்றியது. அமெரிக்காவின் மேல்கரைக்குரிய வானவில் டிரவுட் என்னும் இனமே இறுதியில் அம்மலைநீரில் நிலைபெற்றது. ஆயினும், அது சிற்றுயிர்களை இரையாக்கி வாழ்வது. அதன் வரவால் ஓடைக்குக் கேடொன்றும் இல்லை என்று எளிதில் முடிவு கட்டலாகாது.

இவ்வுண்மையைக் காவிரி நமக்கு இன்னும் தெளிவாகக் கற்பிக்கிறது. முதுகு உயர்ந்த மகசீர் என்னும் பெருமீன் அவ்வாற்றுக்கும் அதன் துணையாறுகளுக்கும் உரியது. மகசீரைப் பொம்மீன் என்றும் தமிழர் வழங்குவர். 1946-இல் கபினியாற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. உலகெங்கும் இத்தகைய புகழ் பெற்றிருந்தும், முதுகு உயர்ந்த மகசீரின் அறிவியற்பெயர் 2018-இல்தான் உறுதிப்பட்டது. அவ்வாண்டிலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிகவும் அழியும் நிலையிலுள்ள இனமாகவும் அறிவித்தது. பெயர் தெளிவதற்குள் மீன் அருகிவிட்டது!

காரணங்கள் பல. அணைகள் அதன் வழியை அடைத்தன. வெடியிட்டு மீன் கொல்லும் கொடுமையும் நிகழ்ந்தது. இவற்றோடு, நன்மை கருதிச் செய்த செயலொன்றும் தீங்காய் முடிந்தது. மகாராட்டிரத்து லோணாவ்ளாவில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டனர். அவை பெருகப் பெருக, ஆற்றுக்குரிய மீன் குறைந்துகொண்டே வந்தது. மகசீர் குறையாதிருக்க வேண்டும் என்பதே விட்டவர்தம் எண்ணம். எந்த மகசீர் என்பதை ஆராய மறந்தனர்.

நீரில் ஒரு மீனை விடுவது ஒரு நொடிச் செயல். அதன் விளைவை மீட்பதோ பல தலைமுறைக்கும் அரிது. செயற்கை ஈ வீசுவோன் முதலில் நீரைக் கற்கிறான். பின்னரே கோலை ஓங்குகிறான். மீனைப் பிடிப்பதற்கே இத்துணை அறிவு வேண்டுமாயின், அதனைக் காப்பதற்கு எத்துணை வேண்டும்! தம் ஊர் ஆற்றில் வாழும் மீன்களின் பெயரையும் இயல்பையும் இளமையிலேயே அறிந்துகொள்ளும் மாணவரே, நாளை அவ்வாற்றைக் காக்கும் தகுதியுடையோர் ஆவர்.