மலாக்கா அரண்மனையும் மகன் கேட்ட கேள்வியும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று கேட்கும் பெற்றோரிடம் நான் பெரும்பாலும் மலாக்காவைத்தான் சொல்வேன். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். கடந்த விடுமுறையில் நாங்களும் குடும்பத்தோடு சென்று வந்தோம். மகளுக்கு அலங்கார மிதிரிக்‌ஷா மட்டுமே குறி. ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனோ வரலாற்றுப் பாடநூலில் கண்ட அரண்மனையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாகவே நச்சரித்துக் கொண்டிருந்தான்.

செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் சுல்தானக அரண்மனை பழைய கட்டடம் அன்று. 1984இல் பணி தொடங்கி 1986இல் திறக்கப்பட்ட மாதிரி அது. சுல்தான் மன்சூர் ஷா 15ஆம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனை தீக்கு இரையாகிவிட்டது. அதன் ஓவியமோ வரைபடமோ இல்லாத நிலையில், ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் நூலில் உள்ள வருணனையைக் கொண்டே இதை எழுப்பினார்கள். ஏழு அடுக்குக் கூரையும் கட்டித் தழுவும் அளவு பருத்த தூண்களும் வெயில் பட்டால் மின்னலாய்ப் பளிச்சிடும் சீனக் கண்ணாடிகளும் அந்த வருணனையில் வருகின்றன. கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர்களுக்கு இந்தச் செய்தியை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே செல்ல வேண்டும். “அரண்மனையும் கோயில் மாதிரிதான்” என்று மாமியார் மகிழ்ந்தார். இரும்பாணிக்கு மாற்றாக மர முளைகளால் இணைத்திருக்கும் முறையை என் கணவர் தடவித் தடவிப் பார்த்தார். அரசவைக் காட்சியையும், வெளிநாட்டு வணிகர்களின் உருவங்களையும் கடந்து, ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் மோதும் காட்சியின் முன் வந்தபோதுதான் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா, கித்தோலும் ராஜா மெண்டெலியாரும் தமிழர்களா? அவர்கள்தாம் மலாக்காவைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று நண்பன் சொன்னான்.”

இவ்விரு பெயர்களும் மலாய் வழக்கில் துரோகிகளைக் குறிக்கும் சொற்களாகவே ஆகிவிட்டவை. நம் பிள்ளை ஒருவன் அவற்றைப் பலர் முன்னிலையில் கேட்க நேர்ந்தால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. அங்கிருந்த மரப்படியில் அமர்ந்து கதையை முழுமையாகச் சொன்னேன்.

ராஜா மெண்டெலியார் துறைமுக அதிகாரி. முதலியார் என்பதன் மலாய் வடிவமே அப்பெயர் என்பர். அவருக்கும் நீனா சூரா டேவானா என்ற வணிகருக்கும் வழக்கு. இருவருமே கலிங்கர் என்று நூல் சுட்டும் தென்னிந்தியர். விசாரணைக்கு முதல் நாள் இரவு, அந்த வணிகர் பெண்டஹாரா துன் முத்தாஹிருக்குப் பத்துக் காட்டி பொன் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். இதை அறிந்த கித்தோல், தான் பட்டிருந்த கடனைத் தீர்த்துக்கொள்வதற்காக மெண்டெலியாரிடம் போய்ச் சொன்னான். அவரோ லக்சமானா கோஜா ஹசானுக்குப் பொன் கொடுத்து, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தானின் காதில் போட வைத்தார். துன் முத்தாஹிர் மீது முன்பே மனக்கசப்புக் கொண்டிருந்த சுல்தான் மஹ்மூட் ஷா, விசாரணை எதுவுமின்றி அவரைக் கொல்ல ஆணையிட்டார். அடுத்து 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தனர்.

“அப்படியானால் தமிழர்கள்தாம் காரணமா?” என்றான்.

“கொல்லப்பட்ட துன் முத்தாஹிரே தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர்தானே, ஐயா” என்றேன். அவன் புருவம் சுருங்கியது. இந்தச் செய்தியை அவன் எங்கும் கேட்டதில்லை. கையூட்டு வாங்கியவர், கடனுக்காகக் கோள் சொன்னவன், பொன்னுக்காகக் கோளைச் சுமந்த தளபதி, விசாரிக்காமல் தீர்ப்பளித்த மன்னர் என்று ஒவ்வொருவரையும் அவனே விரல்விட்டு எண்ணினான். நீனா சத்து என்ற இந்து வணிகர் போர்த்துகீசியருக்குத் துணைநின்று பெண்டஹாரா பதவி பெற்றதையும், 1514இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது தீ மூட்டி உயிர்விட்டதையும் சேர்த்தே சொன்னேன். நல்லவர் பட்டியலை மட்டும் படித்த பிள்ளை, பள்ளித் திடலில் வேறு பெயர் காதில் விழும்போது வாயடைத்து நிற்கும். ‘செஜாரா மெலாயு’வை 1612இல் தொகுத்தவராக அறியப்படும் துன் ஸ்ரீ லானாங்கூட அந்தப் பெண்டஹாரா மரபினரே. தம் முன்னோர் பொன் வாங்கியதை அந்த நூல் மறைக்கவில்லை.

பிறகு சந்தியாகோ வாயிலைப் பார்த்தோம். மகள் ஆசைப்பட்ட மிதிரிக்‌ஷாவிலும் ஏறினோம். அதன் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. துக்காங் எமாஸ் சாலையில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தில் மாமியார் விளக்கேற்றினார். மலாயே தாய்மொழியாகிவிட்ட மலாக்கா செட்டிகள் பேணும் கோயில் அது.

திரும்பும் வழியில் மகன் அடுத்ததைத் தொடங்கினான். “சுல்தான் விசாரித்திருந்தால் போர்த்துகீசியர் தோற்றிருப்பார்களா, அம்மா?” “அப்பாவைக் கேள்” என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தேன். சிரம்பானை நெருங்கும்போது கண் விழித்தேன். என் கணவர் இன்னும் பீரங்கிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.