பொய்ப் பல்லும் மெய்ச் சொல்லும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. சொல்லையே பணியாகக் கொண்ட நமக்கு அது வெறும் பழமொழியன்று. நாள்தோறும் பீடத்தின் முன் நின்று வாய் திறக்க வேண்டியவர்க்குப் பல் போவது, கொத்தனாரின் கையிலிருந்து கரண்டி போவதைப் போன்றது.

நமக்கு அது 52-ஆம் வயதில் நேர்ந்தது. பத்தாண்டுகளாக உடலில் குடியேறியிருந்த சர்க்கரை நோய் ஈறுகளையும் விட்டுவைக்கவில்லை. பல் துலக்கும்போது கசிந்த இரத்தத்தை நாம் பொருட்படுத்தவில்லை. ஆடத் தொடங்கிய பல்லை நாவால் தள்ளிப் பார்த்தபடியே ஆண்டுகளைக் கடத்தினோம். பங்கில் மருத்துவ முகாம் நடத்தி, உடலைப் பேணுவதும் இறைவனுக்குச் செய்யும் தொண்டே என்று முழங்கிய நாம், அம்முகாமின் வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை.

கடைசியில் நகரத்துப் பல் மருத்துவரிடம் சென்றபோது, 32-இல் எஞ்சியிருந்தவை 12. அவர் இருபதாண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நம் கையால் புதுநன்மை பெற்ற சிறுமி. அன்று அவர் வாய் திறந்து நின்றார். இன்று நாம் திறந்து கிடந்தோம்.

"மேல் தாடையில இருக்கிற 5 பல்லும் நிக்காது ஃபாதர். கீழே 7 இருக்கு. அதுல ரெண்டு கோரைப்பல் மட்டும்தான் உறுதி. பல்செட்டுதான் வழி. ஆனா உங்க வயசுக்கு இதைக் கொஞ்சம் யோசிச்சுத்தான் முடிவு பண்ணணும்."

நாமோ, 'எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது' என்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். பல்லைத் தாங்குவதற்கென்றே இருப்பது தாடையின் விளிம்பெலும்பு. பல் போனதும் அது கரையத் தொடங்கிவிடும். எழுபதில் செட்டுக் கட்டுபவர் அக்கரைதலோடு வாழும் காலம் குறைவு. ஐம்பதில் கட்டுபவரோ இருபது, முப்பது ஆண்டுகள் அதனோடு வாழ வேண்டும். செட்டு தளரத் தளர அதைச் சீர்செய்யவோ மாற்றவோ வேண்டும். மேல் செட்டு அண்ணத்தை மூடி ஒட்டி நிற்கும். கீழ்ச் செட்டுக்கு நாவுக்கும் கன்னத்துக்கும் இடையே ஒடுங்கிய வரப்புப் போன்ற இடமே உண்டு, எளிதில் நழுவும். கடிக்கும் வலிமையும் இயற்கைப் பற்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எலும்பில் டைட்டானியத் திருகு பதித்துப் பல் நிறுத்தும் முறையும் உண்டு. சுவீடன் நாட்டு பிரனேமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தது அது. ஆனால் அதன் செலவு நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் சர்க்கரை அளவும் அப்போது அதற்கு இடம் கொடுக்கவில்லை.

யோசிப்பதாகச் சொல்லித் திரும்பினோம். எட்டு மாதங்கள் யோசித்தோம். உண்மையில் யோசிக்கவில்லை, ஒளிந்துகொண்டோம்.

எதற்கு அஞ்சினோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். வலிக்கு மட்டுமன்று. பல்செட்டு என்பது தாத்தாக்களின் உடைமை என்று மனம் நினைத்தது. குருமடத்தில் நம்மோடு பயின்றவர்கள் இன்னும் கரும்பு கடிக்கிறார்கள். நாம் மட்டும் இரவில் பல்லைக் கழற்றிக் கிண்ணத்து நீரில் போடுவதா? போதாக்குறைக்கு அதன் பெயர் வேறு பொய்ப்பல். மெய்யைப் போதிக்கும் வாயில் பொய்யா என்று நமக்கு நாமே வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டோம். வேடிக்கைக்குள் வெட்கம் மறைந்திருந்தது.

ஆறுதல் தேடிப் புத்தகங்களைப் புரட்டினோம். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1789-இல் பதவியேற்றபோது வயது 57. வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவருடைய செட்டு மரத்தாலானது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் உலோகமும் சேர்ந்தது அது. பல்வலிக்காரரின் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவையும் நினைத்தோம். 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வெறிகொண்ட கூட்டம் அந்த முதிய கன்னியின் பற்களை அடித்து உதிர்த்ததை அந்நகர் ஆயர் தியோனிசியு தம் மடலில் எழுதியிருக்கிறார். அவர் விசுவாசத்திற்காகப் பற்களை இழந்தார். நாமோ அலட்சியத்தால் இழந்தோம். பிப்ரவரி 9-இல் அவர் திருநாளன்று திருப்பலி நிறைவேற்றியபோது, அவரிடம் பரிந்துரை கேட்கவே நாணமாயிருந்தது.

இதற்கிடையில் சொல்லும் போய்க்கொண்டிருந்தது. எழுத்துகள் பிறக்கும் இடங்களை வகுத்த தொல்காப்பியர் பல்லையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். தகரமும் நகரமும் நா நுனி பல்லின் அடியைத் தொடும்போது பிறப்பவை. குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த அந்த இலக்கணம், முன்பற்கள் ஆடியபோதுதான் நமக்குப் பொருளாயிற்று. சிலுவை அடையாளத்தின் முதற்சொல் 'தந்தை'. அந்த ஒரு சொல்லில் நா மும்முறை பல்லடியைத் தேடுகிறது. நம் வாயில் அது காற்றாய்ச் சிதறியது. பீடச் சிறுவர்கள் தலை குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். நாம் மறையுரையைச் சுருக்கினோம். மக்கள் மகிழ்ந்ததாகவும் கேள்வி. சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகினோம். பிறகு சிரிப்பதையே குறைத்தோம்.

முடிவெடுக்க வைத்தது இவற்றுள் எதுவுமன்று, ஒரு முறுக்கு.

பங்கின் கடைக்கோடித் தெருவில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். ஓலைக் கூரை எடுத்துவிட்டு ஓடு வேய்ந்த சிறு வீடு. அந்தத் தாய் எவர்சில்வர் தட்டில் முறுக்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். நமக்கென்றே முந்திய இரவு சுட்டது. நாம் வாயை மூடியபடி, "இப்போது வேண்டாம் அம்மா" என்றோம். அவர் மறுமுறை கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த முகம் வாடியதைக் கண்டும் காரணம் விளங்காமல் விடைபெற்றோம்.

மறுநாள் உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, அந்தத் தெருவில முன்னெல்லாம் மேலத்தெரு ஆளுங்க தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க. நீங்களும் அப்படித்தானோன்னு அந்தம்மா அழுதுக்கிட்டு இருக்கு."

அன்றிரவு உறக்கமில்லை. சாதி பாவம் என்று அதே வாயால் எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! பல்லை மறைக்கப் போய் ஒரு பெண்ணின் ஆறாத காயத்தில் கை வைத்துவிட்டோம். நம் வாய் நமக்கு மட்டும் உரியதன்று என்பது அன்று விளங்கிற்று. பிறர் தருவதை ஏற்கவும் அது படைக்கப்பட்டது. பொய் நம் வாயில் வைக்கப்போகும் பல்லில் இல்லை. எட்டு மாதமாய் மூடி வைத்திருந்த கையில் இருந்தது.

மறுவாரமே மருத்துவரிடம் சென்றோம். ஆயினும் அனைத்தையும் பிடுங்கவில்லை. அவர் அறிவுரைப்படி, கீழ்த்தாடையின் இரு கோரைப்பற்களுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, ஈறளவுக்குக் குறைத்து, வேர்களை நிறுத்திக்கொண்டோம். வேர் இருக்குமளவும் அவ்விடத்து எலும்பு பெரும்பாலும் காக்கப்படும்; அதன் மேல் அமரும் செட்டுக்கும் பிடிப்பு கிடைக்கும். நம் வயதில் அந்த இரு வேர்களும் பெருஞ்செல்வம் என்றார். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவந்து, பின் சில தவணைகளில் மற்றவற்றை எடுத்தார்கள். ஈறு ஆறும்வரை பொக்கை வாயோடு பீடமேறினோம். ஞாயிறு அறிவிப்புகளின்போது, "பற்களை எடுத்திருக்கிறோம், சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நாமே சொல்லிவிட்டோம். கோயில் முழுதும் சிரித்தது. நாமும் வாயை மூடாமல் சிரித்தோம்.

செட்டு வந்த முதல் நாட்கள் எளியவை அல்ல. வாய் நிறையக் கல்லை வைத்தது போலிருந்தது. எச்சில் ஊறியது, ஓரிடத்தில் புண்பட்டது, இருமுறை போய் இழைத்து வந்தோம். இரவில் கழற்றி நீரில் இட வேண்டும்; எஞ்சிய வேர்களையும் நாள்தோறும் துலக்க வேண்டும். மாலை வேளைகளில் ஆளில்லாக் கோயிலில் நின்று வாசகங்களை உரக்கப் படித்துப் பழகினோம். பதினேழாம் நாள் 'தந்தை' தெளிவாக வந்தது. அந்தச் சொல்லை வெற்றுக் கோயிலில் பலமுறை சொல்லிப் பார்த்தோம். அதுவே அன்றைய செபமாயிற்று.

பின்னர் அந்தக் கடைக்கோடி வீட்டிற்கு, அழைக்காமலே போனோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் வாயை உற்றுப் பார்த்தார்.

"பல்லுக்குத்தானா சாமி? அன்னைக்கே சொல்லியிருந்தா இட்லி அவிச்சிருப்பேனே!"

முறுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், இன்னும் அதை நேராகக் கடிக்க நம்மால் இயலாது. அவரே ஒடித்துத் தேநீரில் நனைத்துக் கொடுத்தார், உண்டோம். மூலையில் அமர்ந்திருந்த அவருடைய மாமியார், பல ஆண்டுகளாய்ப் பல்லே இல்லாதவர், மெல்லக் கேட்டார்: "இது மாட்டுறதுக்கு வலிக்குமா சாமி? ரொம்ப செலவாகுமா?"

அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம் என்றோம். வரும் செவ்வாயன்று அவரை அழைத்துச் செல்லவிருக்கிறோம்.