யார் வைத்த பெயர்?

எங்கள் கல்லூரி மாணவிகள் போட்ட நாடகம் ஒன்றுக்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போகவிருந்தது. முதன்மைப் பாத்திரத்தில் நடித்த மாணவி என் அறைக்கு வந்தாள். "மேம், என் பேரை மட்டும் மாத்திப் போட்டுடுங்க. எங்க சித்தப்பா கண்ணுல பட்டா நாளைலேருந்து காலேஜுக்கே அனுப்ப மாட்டாங்க" என்றாள். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னாள். வெகுநாளாக மனதில் வைத்திருந்த பெயர் போலும். அதையே அச்சடித்தோம்.

கலைஞர்கள் ஏன் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் வழக்கமாகச் சில காரணங்கள் சொல்வார்கள். வாயில் எளிதாக நுழைய வேண்டும், அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், ராசி பார்த்தார்கள் என்பார்கள். கோபிசாந்தா மனோரமா ஆனதையும், டயானா மரியம் குரியன் நயன்தாரா ஆனதையும் நாம் இப்படித்தான் கடந்துபோகிறோம். ஆனால் 'கூத்தாடி' என்பதை வசைச் சொல்லாக வைத்திருக்கும் சமூகத்தில் மேடையேறும் பெண்ணுக்குப் பெயர் வேறொரு வேலையும் செய்கிறது. குடும்பத்தின் 'மானம்' அவளோடு மேடையேறிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே பெயர் மாறியது ஏன் என்பதைவிட, அதை யார் வைத்தார்கள், அவள் நினைத்தபோது கழற்றிவைக்க முடிந்ததா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம். அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த வி.சி. கணேசனுக்குப் பெரியார் 'சிவாஜி' என்று பெயர் சூட்டினார். ஏலூர்ப் பக்கத்திலிருந்து வந்த விஜயலட்சுமி, 'ஸ்மிதா' என்ற பெயரில் 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் நடித்தார். சாராயம் விற்கும் அந்தப் பாத்திரத்தின் பெயர் 'சில்க்'. இருவருக்கும் நடந்தது ஒன்றுதான்: ஏற்ற வேடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கணேசனுக்கு அது கிரீடமானது. ஸ்மிதாவுக்கோ அதுவே உடம்பின் மேல் ஒட்டிய விலைச்சீட்டானது. சிவாஜியை யாரும் வீட்டிலும் அரசராக இருக்கச் சொல்லவில்லை. சில்க்கை மட்டும் வேடம் கலைத்த பிறகும் சில்க்காகவே பார்த்தார்கள். 1996இல் அவர் இறந்தபோதும் செய்தியானது அந்தப் பெயர்தான், விஜயலட்சுமி அல்ல.

பெயரைக் கழற்றியதால் உயிர் பிழைத்தவரும் உண்டு. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோஸியின் இயற்பெயர் ராஜம்மா. தலித் பெண். ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் திரையரங்கில் கல்லெறிந்தார்கள், அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தப்பி வந்தவர் நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடித்தார். அதன் பிறகு அவர் நடிக்கவில்லை. ரோஸி என்ற பெயரோடு ஒரு நடிகையும் அங்கே புதைந்துபோனாள்.

வேறு விதமான மேடைப் பெயர்களும் நம்மிடம் இருந்தன. எம்.எஸ். என்பதில் உள்ள 'எஸ்', வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் 'எல்', பாடகியான தாய் லலிதாங்கி. தாயிடமிருந்து மகளுக்கு வித்தை வந்த வீடுகளில் முதலெழுத்தும் அந்த வழியாகவே வந்தது. என் கவிதைத் தொகுப்பின் அட்டையில் என் பெயருக்கு முன்னால் இருப்பதும் அம்மாவின் எழுத்துதான். அதைப் பார்த்த உறவினர் ஒருவர், "அப்பா உசுரோட தானேம்மா இருக்காரு?" என்று கேட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பதிவேட்டில் அப்பாவின் எழுத்தோடும் கவிதையில் அம்மாவின் எழுத்தோடும் இருக்கிறேன். இரண்டும் நான்தான்.

குறுந்தொகை நடத்தும்போது காக்கைபாடினியாரிடம் வந்ததும் நான் சற்று நின்றுவிடுவேன். விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதால் அந்தப் பெயர். அவருடைய பாட்டே அவருக்கு அடைமொழியானது. ஆனாலும் நச்செள்ளையார் என்ற சொந்தப் பெயர் அழியாமல் கூடவே நிற்கிறது. இறுதியில் 'ஆர்' என்ற மரியாதையும் இருக்கிறது. செய்த வேலையால் ஒரு பெண்ணுக்குப் பெயர் வருவதில் குறையொன்றும் இல்லை என்பதற்கு நம் மொழியிலேயே இப்படியொரு சான்று இருக்கிறது. சில்க் ஸ்மிதாவுக்கு நாம் தர மறுத்தது அந்த 'ஆர்' விகுதியைத்தான்.

அழைப்பிதழில் வேறு பெயரில் நடித்த அந்த மாணவி இப்போது ஒரு நாடகக் குழுவில் இருக்கிறாள். அன்று சொன்ன பெயரையே இன்றும் வைத்திருக்கிறாள். இப்போது அவளுக்குச் சித்தப்பாவிடம் பயமில்லை. "அது நானே எனக்கு வெச்ச பேரு மேம், அதை ஏன் விடணும்?" என்கிறாள்.