தம்பியின் கைத்துப்பாக்கி

ஐம்பத்தைந்து வயதுவரை கைத்துப்பாக்கி எதனையும் அருகில் நின்று பார்த்திராத ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் அதனைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். என் தம்பி அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறான். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவன். நீண்ட பள்ளி விடுமுறை ஒன்றில் அவன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அங்குக் கண்டதையே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணே, நம் பழைய வீட்டுக் கதவு நிலையில் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தீர்களே, அதில் ஒரு சாண் அறுத்துக் கொண்டு வாருங்கள்" என்றான். பேராக்கில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயன் வீட்டை இடித்தபோது நான் எடுத்து வைத்த மரம் அது. வைரம் பாய்ந்தது, துடைத்தாலே மினுங்கும். அப்பா படத்திற்குச் சட்டம் போடப் போகிறான் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். மரவேலைக்காரரிடம் கொடுத்து, நன்றாய் இழைத்து, பழைய வேட்டியில் சுற்றி எடுத்துச் சென்றேன்.

சென்ற இரண்டாம் நாள் இரவு தம்பி ஓர் எஃகுப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே கறுத்த கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. "கைப்பிடிக்கு இருபுறமும் பதிக்கத்தான் அண்ணே அந்த மரம்" என்றான். அப்பாவின் பெயரைச் சொல்லி, "அவர் கை பட்ட மரமாயிற்றே" என்றும் சொன்னான். எனக்குப் பேச்சு எழவில்லை.

எங்கள் அப்பாவுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே ஆகாது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அவர் பத்து வயதுச் சிறுவர். அதன்பின் அவர்கள் தோட்டத்துத் துரை காலைப் பெரட்டுக்கு இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் வந்தாராம். உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் அக்காலத்தில் தூக்கு. ஆகவே பாட்டி, பிள்ளைகள் மரத்தால் துப்பாக்கி செய்து விளையாடுவதைக்கூடப் பொறுக்கமாட்டாராம். பிடுங்கி அடுப்பில் வைத்துவிடுவாராம். அந்தக் குடும்பத்துக் கதவு மரம் துப்பாக்கிக்குப் போவதா! ஆனால், கொண்டுவந்து கொடுத்த கை என்னுடையது.

தம்பியைக் கோழை என்றோ முரடன் என்றோ எவரும் சொல்ல முடியாது. ஒரு தீபாவளி இரவு குடும்பத்தோடு வெளியே சென்று திரும்பியபோது பின்கதவு உடைந்து கிடந்தது. திருடர்கள் நகையை எடுத்தது போகட்டும். மகனுடைய படுக்கையில் சேற்றுக் காலோடு ஏறி நடந்திருந்தார்கள். அந்தச் சேற்றுச் சுவடுதான் தன்னைத் துப்பாக்கிக் கடைக்கு அனுப்பியது என்றான். உரிமம் பெற்ற கடையில் படிவம் நிரப்பினான். கடைக்காரர் மத்தியப் புலனாய்வுத் துறையின் சரிபார்ப்புக்குத் தகவல் கொடுத்தார். தடையில்லை என்ற பதில் வந்தது, வாங்கிவிட்டான். நம் நாட்டில் நாய்க்கு உரிமம் எடுக்க நான் அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்தது.

இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றின் உடல் நெகிழியால் ஆனது. தம்பி வேண்டுமென்றே பழைய வகையைத் தேடி வாங்கியிருந்தான். அமெரிக்க இராணுவம் 1911ஆம் ஆண்டு மார்ச்சில் ஏற்று, 1985வரை தன் முதன்மைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்த வகை அது. பெயரும் அந்த ஆண்டுதான்: 'நைன்டீன் லெவன்'. அமைத்தவர் ஜான் பிரௌனிங். முழுவதும் எஃகு, தோட்டா இல்லாமலே ஏறத்தாழ ஒரு கிலோ நூறு கிராம் எடை. தேர்வின்போது 6000 தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். சூடேறியபோது தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து மீண்டும் சுட்டார்கள். ஒரு முறையும் சிக்கவில்லை. தம்பி இதைச் சொன்னபோது, தங்கப் பதக்கம் பெற்ற மாணவனைப் பற்றிப் பேசும் ஆசிரியரின் முகம் அவனுக்கு வந்திருந்தது.

அவன் சொல்லாத ஒன்றை நான் பிறகு படித்தறிந்தேன். அவ்வளவு பருத்த தோட்டா, அதாவது அங்குலத்தில் நூற்றில் நாற்பத்தைந்து பங்கு, ஏன் வேண்டியிருந்தது? தென் பிலிப்பைன்சில் மோரோ மக்களோடு நடந்த போரில், சிறிய தோட்டாவால் சுடப்பட்டவர்கள் விழாமல் வாளோடு பாய்ந்து வந்தார்கள் என்று படையினர் முறையிட்டனர். அந்த முறையீட்டிலிருந்தே இந்த அளவு பிறந்தது. நம் சபாவுக்குக் கடலெதிரே உள்ள சூலுத் தீவுகள் அந்த மோரோ மக்களின் நாடு. அமெரிக்கப் பெருமை என்று அவன் காட்டிய பொருளுக்கு அளவெடுத்தது நம் அண்டை வீட்டாரின் உடம்பில்.

துப்பாக்கியை நான் தொடவில்லை. சுற்றுலா விசாவில் வந்தவன், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், அங்கே துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஆனால் தம்பி ஒரு பள்ளிக்கூடக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தான். அதில் நாள், சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை, சிக்கிய முறை என்று கோடு போட்டு எழுதியிருந்தான். முதல் ஐம்பதில் இரண்டு முறை சிக்கியிருந்தது. தோட்டாக் கூட்டின் சுருள்வில் தளர்ந்திருப்பதைக் கண்டு மாற்றினான். குழலின் கீழுள்ள பெரிய சுருள்வில்லையும் மாற்றினான். அவனுக்குச் சிறிய கை. பிடியின் பின்புறத்தில் ஒரு தாழ் உண்டு, உள்ளங்கை அதனை அழுத்தினாலொழிய துப்பாக்கி வெடிக்காது. அது சரியாய் அழுந்தாததால், புடைப்புள்ள வேறொன்றைப் பொருத்தினான். அதற்குப் பின் முந்நூறு தோட்டாக்கள், சிக்கல் எதுவுமில்லை. முப்பது ஆண்டுகளாய் மதிப்பெண் பதிவேடு பார்க்கும் கண்ணுக்கு அந்தக் குறிப்பேடு பிடித்துப்போயிற்று என்பதை மறைக்கமாட்டேன். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்ததும் இதுவேயன்றோ? மாணவன் ஒரு முறை சரியாய் விடை சொன்னால் மகிழாதே, பத்து முறை கேள் என்பார் எங்கள் விரிவுரையாளர்.

அந்த முந்நூறுதான் வினையாயிற்று. நம்பிக்கை வரும்வரை அளந்து அளந்து செய்தவன், வந்த பின் துணிந்து கை வைத்தான். விசையை இழுக்க ஆறு பவுண்டு அழுத்தம் வேண்டியிருந்தது. அதைப் பாதியாக்க எண்ணினான். பின்னுக்கு இழுத்த சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது 'சியர்' எனும் நகக்கண் அளவான எஃகுத் துண்டு. ஒரு மாலை சமையலறை மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அதன் முனையைச் சாணைக் கல்லில் தேய்த்தான். எதிரில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நான் அவன் பொறுமையை வியந்தேன். அதற்கு முந்தைய நாள்தான் நான் கொண்டு சென்ற மரத்தை இரு சில்லுகளாய்ச் செதுக்கிப் பிடியில் பதித்திருந்தான். அழகாகவே இருந்தது.

மறுநாள் சுடுதளத்திற்குச் சென்றோம். தம்பி மகனுக்கு வயது பதினான்கு. அவனும் நானும் காதடைப்போடு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றோம். விசைப் பகுதியில் கை வைத்தால் முதலில் இரண்டே தோட்டாக்கள் இட்டுச் சோதிக்க வேண்டும் என்பதைப் பின்னர் அறிந்தேன். தம்பி ஏழும் இட்டான். முதலாவது சரியாய்ப் போயிற்று. அடுத்து அவன் விசையை ஒரு முறைதான் அழுத்தினான், இரண்டு வெடித்தன. முதல் வெடியில் மேலெழுந்த குழல் இரண்டாவதைக் கூரைக்கு அனுப்பிற்று. மேலிருந்து தூசி உதிர்ந்தது. தளத்துக் காவலர் உரத்த குரலில் நிறுத்தச் சொன்னார். தம்பி துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரு கைகளையும் விலக்கிக்கொண்டு நின்றான். எவருக்கும் காயமில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற பிள்ளை என் சட்டையைப் பற்றியிருந்தான். "பெரியப்பா, அப்பா என்ன தப்பு பண்ணினார்?" என்று கேட்டான். வகுப்பில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்தவன் நான். அன்று பதில் வரவில்லை.

துப்பாக்கி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு போனோம். உருப்பெருக்கியின் கீழ் அந்தத் துண்டை வைத்துக் காட்டினார். கூராய் இருக்க வேண்டிய முனை உருண்டு போயிருந்தது. பதப்படுத்திய மேல்தோலும் தேய்ந்துவிட்டது. பளபளப்பு மட்டும் மிகுதி. அதிர்ச்சியில் சுத்தியல் நழுவி அடித்திருக்கிறது. ஆறு பவுண்டு என்பது சோம்பேறித்தனத்தால் விட்ட முரடு அன்று, அச்சத்தில் நடுங்கும் கைக்காக வைத்த எடை என்று அவர் விளக்கினார். நாலரைக்குக் கீழ் தாம் இறக்குவதில்லை என்றும் சொன்னார். கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. கெட்ட துண்டைச் சிறு பையிலிட்டுத் தம்பியிடமே கொடுத்தார். பிறகு பிடியைத் தடவிப் பார்த்து, நல்ல மரம், எங்கே கிடைத்தது என்று கேட்டார். தம்பி என்னைச் சுட்டிக் காட்டினான்.

அன்றிரவு அவன் உண்ணவில்லை. "நான் துப்பாக்கியைத்தான் சோதித்தேன் அண்ணே, என்னைச் சோதிக்கவில்லை" என்றான். விற்றுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். பின்கதவில் புதிதாய்ப் போட்டிருந்த பூட்டு கண்ணில் பட்டது, சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துத் தம்பி அழைத்தான். புதிய துண்டு பொருத்தி வந்துவிட்டதாம். குறிப்பேட்டை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, இருநூறு எட்டிவிட்டதாம். பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டேன். தன் கழுத்துச் சங்கிலியில் இருப்பதாகச் சொன்னான். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அந்தக் கதவு மரத்தில் மிச்சம் இருக்கிறதா, அப்பா படத்திற்குச் சட்டம் போட வேண்டும் என்றான்.

இருக்கிறது என்றேன். அறுத்து, இழைத்து வைத்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.