முள் இறங்கும்வரை

திருச்செங்கோட்டில் சங்ககிரி சாலையோரப் பட்டறை அது. நான் போனபோது மேசைமேல் பதினோரு பிரஷர் மீட்டர்கள் மல்லாந்து கிடந்தன. வடக்கே மாதக்கணக்கில் போர்வெல் போட்டுவிட்டு ஊர் திரும்பிய ரிக் வண்டிகளிலிருந்து கழற்றியவை. கண்ணாடிக்குள் கிளிசரின் பழுப்பேறியிருந்தது.

"அதிர்வுல முள்ளு ஆடாம இருக்கத்தானுங்க அது," என்ற பட்டறைக்காரர் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே கொக்கிபோல் வளைந்த தட்டைக் குழாய். திருவிழாவில் பிள்ளைகள் ஊத, சுருள் நீளுமே, அந்த ஊதல் மாதிரிதான். காற்று புகுந்தால் வளைவு கொஞ்சம் நிமிரும். நுனியின் அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுற்றும். பாரிஸில் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு, இன்றும் இந்த மேசையில் உயிரோடு இருக்கிறது.

ரிக் கம்ப்ரஸரில் 300 பவுண்டு என்பது அன்றாடக் கணக்கு. சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. தண்ணீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதையும் டிரில்லர் அந்த முள்ளில் பார்த்துவிடுவார். குழிக்குள் 100 அடி தண்ணீர் நின்றால் அதைத் தள்ளவே 43 பவுண்டு கூடுதலாக வேண்டும். ராடு மாட்டிவிட்டுக் காற்றைத் திறந்ததும் முள் எவ்வளவு எகிறுகிறது என்று பார்ப்பார்களாம். தண்ணீருக்காகக் கடன் வாங்கிய விவசாயி அருகில் நின்று டிரில்லரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் குரல் தணிந்தது. தங்கை மகன் ஒரு ரிக்கில் புதிதாகச் சேர்ந்திருந்தான். மீட்டரின் துளையில் பாறைத்தூள் அடைத்து இரண்டு நாளாக முள் அசையவில்லை. டிரில்லருக்கு அது தெரியும், சத்தத்தை வைத்தே ஓட்டினார். பையனுக்கு யாரும் சொல்லவில்லை. "சீரோவுல நிக்குது, காத்து இறங்கிருச்சுன்னு நெனச்சு ஓஸைக் கழட்டிட்டானுங்க." ஓஸ் துள்ளி அடித்ததில் முன்கை எலும்பு முறிந்தது.

இப்போது சில வண்டிகளில் கட்டைவிரல் பருமனில் சென்சார் வருகிறது. மெல்லிய எஃகுத் தகடு அழுத்தத்தில் துளி வளையும். அதில் ஒட்டிய மின்தடையம் இழுபட்டால் அதன் தடை மாறும். கம்பியை இழுத்தால் தடை மாறும் என்பதைக் கெல்வின் 1856இலேயே சோதித்துச் சொன்னார். எனக்குப் பிடித்தது அதன் கணக்குதான். அழுத்தமே இல்லாவிட்டாலும் 4 மில்லிஆம்பியர் ஓடும், முழு அழுத்தத்தில் 20. வயர் அறுந்தால்தான் 0. காற்று இல்லை என்பதும் கருவி செத்துவிட்டது என்பதும் வேறு வேறாகத் தெரியும். பையனின் மீட்டருக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

"இதுலயும் தூள் அடைச்சா பொய்தானுங்க சொல்லும்," என்றார் அவர். மெல்லிய கம்பியால் ஒவ்வொரு துளையையும் குடைந்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கைப்பம்பில் ஒரு பக்கம் மாஸ்டர் மீட்டர், மறுபக்கம் பழுதுபார்த்தது. 100, 200, 300 என ஏற்றி, ஒவ்வொன்றிலும் நிறுத்தி எழுதிக்கொண்டார். இறக்கும்போதும் அதே நிதானம்.

முள் கடைசியில் 15க்கு அருகே நின்றது. நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். நகரவில்லை. மீட்டரை மறுபடி திறந்தார்.