பூஸ்ட் மீட்டரின் முள் சொல்லும் செய்தி

பயணத்தில் உடன் வருவோர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே எங்கள் வீட்டுப் பழைய டர்போ டீசல் வண்டியில் பின்னாளில் பொருத்திய பூஸ்ட் மீட்டரை நாங்கள் அலங்காரமாகக் கொள்வதில்லை.

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்துவதே டர்போ. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் மிகுதி என்பதையே மீட்டர் காட்டுகிறது. எனவே நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுகையில் முள் பூஜ்யத்தில் இருப்பது பழுதன்று. மதுரையின் சமவெளிச் சாலையில் சீராகச் செல்கையில் அது தாழ்ந்தே நிற்கும். சுமையோடு மேடேறும்போது உயரும்.

ஒருமுறை பெற்றோரோடும் பிள்ளைகளோடும் வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறியபோது, வழக்கமாக 0.8 பார் காட்டும் முள் 0.4ஐத் தாண்டவில்லை, பின்னால் கரும்புகை. முன்சென்ற பேருந்தை முந்த முயலாமல் ஓரமாக நிறுத்தினோம். காற்றுக் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. முந்தும் வேளையில் இழுவை அற்றுப்போகாமல் இறைவன் காத்தான், அல்ஹம்துலில்லாஹ்.

முள் வழக்கத்தை மீறி ஏறினாலும் ஆபத்தே. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் திறவாமல் சிக்கியிருக்கலாம். அது இன்ஜினைச் சிதைக்கக்கூடும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலிலோ வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே முள் அதே எண்ணைக் காட்டினாலும் இழுவை குறைவது இயல்பு.

வண்டி நலமாக இருக்கும் நாளில், எந்த மேட்டில், எத்தனை பேர் அமர்ந்திருக்க, முள் எவ்வளவு காட்டுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட அந்தக் குறிப்பே உதவும்.