நயினாதீவு, போயா நாள்

காலை. குறிகட்டுவான் இறங்குதுறை. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு ஓடிவந்த யாழ்ப்பாண பஸ் கடைசித் தரிப்பில் நிற்கிறது. இதற்கு மேல் தெரு இல்லை.

முதலில் ஒரு பூக்கூடை இறங்குகிறது. பிறகு தேங்காயும் வாழைப்பழமும் நிறைந்த பை. பிறகு பட்டுச் சேலை ஒன்று, கொய்யகத்தைக் கையால் தூக்கிப் பிடித்தபடி. அவள் தோளில் துவாயில் சுற்றிய குழந்தை. மூன்று மாதம் இருக்கும். பின்னால் மாமி. அவர் கை இரண்டும் குழந்தைக்கு ஒரு சாண் தள்ளியே வருகின்றன.

"பிள்ளை, காத்தடிக்குது. என்னட்டத் தா."

"பரவாயில்லை மாமி."

எதிர்ப்பக்கம் தெற்கிலிருந்து வந்த பெரிய பஸ். முன் கண்ணாடியில் புத்தர் படம், காய்ந்த பூமாலை. வெள்ளை உடுப்புகள் இறங்குகின்றன. கிழவிகள், பேரப்பிள்ளைகள், சோற்றுப் பார்சல், சுருட்டிய பாய். இரவு முழுக்க ஓடிய பஸ். கண்களில் தூக்கம் மிச்சம்.

வரிசை ஒன்றுதான். பட்டும் வெள்ளையும் கலந்து நிற்கின்றன. கடற்படைச் சிப்பாய் ஒருவர் விரலை ஆட்டி ஆட்டித் தலைகளை எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் அங்கிகள் கைமாறுகின்றன. உப்பேறி விறைத்த செம்மஞ்சள் அங்கிகள். பட்டுக்கு மேலும் அதுதான். வெள்ளைக்கு மேலும் அதுதான்.

படகு மரப்படகு. ஏணிப்படியில் குனிந்து உள்ளே இறங்க வேண்டும். டீசல் மணம். இரண்டு பக்கமும் பலகை இருக்கை. பலகைகள் நிரம்பிவிட்டன.

கடைசியாக இறங்கிய சிங்களக் கிழவி படியடியில் நிற்கிறார். கையில் நீலோற்பலம். படகு ஒரு பக்கம் சாய்கிறது. கிழவி கம்பியைப் பிடிக்கிறார். பூ நழுவுகிறது.

பலகையில் இருக்கும் தமிழ்க் கிழவி திருநீற்று நெற்றியோடு நிமிர்ந்து பார்க்கிறார். பக்கத்தில் வைத்திருந்த பனையோலைக் கூடையைத் தூக்கி மடியில் வைக்கிறார். வெறுமையான இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுகிறார். மற்றவர் உட்காருகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பூவைப் பொறுக்கிக் கொடுப்பது பட்டுச் சேலைக்காரியின் கணவன்.

எஞ்சின் முழங்குகிறது. முன்பக்கத்தில் ஒருவர் யாத்திரைப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். வெள்ளை உடுத்தவர்கள் "சாது, சாது" என்கிறார்கள். பின்பக்கத்தில் மாமியின் உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை. குழந்தை தூங்குகிறது.

தீவை ஒட்டிய கடலில் இரண்டு கற்கள். ஒன்று பாம்பு சுற்றிய கல். மற்றது கருடன் கல். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்துகிறது நாகம். கருடன் மறிக்கிறது. அந்த வழியால் கப்பலில் வந்த வணிகன் நாகத்துக்காக மன்றாடுகிறான். தன் பொருளைக் கோயிலுக்குக் கொடுக்கிறான். தீவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தக் கதை வரும். நாகம் தப்பிவிட்டது என்பதைப் பிள்ளைகள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

படகு தீவில் இரண்டு துறைகளில் தட்டுகிறது. ஒன்று நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு நேரே. மற்றது நாக விகாரைக்கு. விகாரையில் வெள்ளி நிறத் தாதுகோபம் வெயிலை வாங்கித் திருப்பி எறிகிறது. சிங்களக் கிழவி பூவை அடுக்குகிறார். காம்பெல்லாம் ஒரு பக்கம், இதழெல்லாம் ஒரு பக்கம். நசிந்த ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்து, அதையும் சேர்த்தே வைக்கிறார்.

புத்தர் இரண்டாம் முறையாக இலங்கைக்கு வந்தது நாகதீபத்துக்கு என்கிறது மகாவம்சம். அந்த நாகதீபம் இதுதான் என்று பௌத்தர்கள் கும்பிடுகிறார்கள். மணி இழைத்த ஓர் ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் படையோடு நிற்கிறார்கள். மகோதரன் மாமன். சூளோதரன் மருமகன். புத்தர் நடுவே வந்து சண்டையை நிறுத்துகிறார். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத் தீவிலும் இரண்டு நாக அரசர்கள். அங்கேயும் சண்டை ஓர் இருக்கைக்காக. ஒரு நூல் பாளி. மற்றது தமிழ்.

கோயிலில் ஒரு கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டு. சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. எழுத்து தமிழ். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்துறை. கல்லைக் கடந்து போகிறவர்கள் கையில் அருச்சனைத் தட்டு. யாரும் நிற்பதில்லை.

1958 கலவரத்தில் விகாரை தாக்கப்பட்டது. 1986 இல் அம்மன் கோயில் எரிந்தது. இன்று இரண்டு இடத்திலும் புதுப் பூச்சு. கோயில் மதிலுக்கு வெளியே ஒடியல், பனங்கட்டிக் குட்டான், சங்கு விற்கும் பெண் தமிழில் விலை சொல்லி, சிங்களத்தில் குறைத்து, விரலால் முடிக்கிறாள்.

கோயில் வாசல். ஆண்கள் சட்டையைக் கழற்றுகிறார்கள். விகாரையிலிருந்து நடந்து வந்த சிங்கள ஆண்களும் கழற்றுகிறார்கள். ஒருவர் பையன் ஒருவனுக்குப் பொத்தானை அவிழ்த்துவிடுகிறார். கழற்றிய சட்டை எல்லோருக்கும் இடது தோளில்.

சிட்டை கொடுக்கும் யன்னல். அருச்சனைக்கு ஒரு சிட்டை. பாலுக்கு ஒரு சிட்டை. பட்டுச் சேலைக்காரியின் கணவன் குனிந்து வேறொன்று கேட்கிறான். உள்ளே இருப்பவர் நிமிராமலே எழுதுகிறார்.

பிள்ளை விற்று வாங்குவதற்கு.

ஐயர் கையை நீட்டுகிறார். தாய் குழந்தையைத் துவாயிலிருந்து பிரிக்கிறாள். நிதானமாகப் பிரிக்கிறாள். படகில் கொடுக்கவில்லை. வாசலில் மாமி கேட்டபோதும் கொடுக்கவில்லை. இங்கே கொடுக்கிறாள். குழந்தை ஐயரின் பூணூலைப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது அது அம்மனின் பிள்ளை. தாயின் கை இரண்டும் சும்மா தொங்குகின்றன. எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. மணி அடிக்கிறது. தீபம் ஏறி இறங்குகிறது. அவள் தீபத்தைப் பார்க்கவில்லை.

தாய்மாமன் காசு வைக்கிறான். புதுத் தாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் குழந்தையைத் திருப்பி நீட்டுகிறார். அவருக்கு மிக அருகில் நிற்பது மாமி. மாமியின் கை தயாராகவே இருக்கிறது.

குழந்தை மாமியின் கைக்கு வருகிறது.

தாய் ஓர் அடி எடுத்து வைக்கிறாள். நிற்கிறாள். மாமி குனிந்து குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசி, கண்ணில் விழாமல் உள்ளங்கையால் மறைத்து ஊதுகிறார். அவர் கன்னம் நனைந்திருக்கிறது. தாய் துவாயை மடித்து மாமியின் தோளில் போடுகிறாள்.

"கழுத்தைப் பிடியுங்கோ மாமி."

"ஓம் பிள்ளை. பிடிச்சிருக்கிறன்."

தூணடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சிங்களக் கிழவி எழுந்து வருகிறார். குழந்தையின் உள்ளங்காலை ஒற்றை விரலால் தொட்டு அந்த விரலைத் தன் நெற்றியில் வைக்கிறார்.

மதியம். அன்னதான மண்டபம். பெயர் அமுதசுரபி. மணிபல்லவத்தின் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலை கையில் எடுத்த பாத்திரத்தின் பெயர். அந்த மணிபல்லவம் இந்தத் தீவே என்பது ஊராரின் நம்பிக்கை. காப்பியத்தில் அந்தப் பாத்திரம் பௌத்தத் துறவியின் கையில் இருக்கிறது. இங்கே அது சைவக் கோயிலின் அடுக்களைக்குப் பெயர்.

கிடாரத்தில் சோறு. இரண்டு பேர் தடியில் கோத்துத் தூக்கி வருகிறார்கள். வாளியில் பருப்பு. வாளியில் பூசணிக்காய்க் கறி. வாளியில் மோர். பரிமாறும் இளைஞன் சாரத்தை மடித்துக் கட்டி ஓடுகிறான். இலையைப் பார்க்கிறான். முகத்தைப் பார்ப்பதில்லை.

"போடட்டே ஐயா? இன்னும் கொஞ்சம் போடட்டே அம்மா?"

சிங்களக் கிழவிக்குக் கேள்வி விளங்கவில்லை. கையை இலைக்கு மேல் விரித்துத் தடுக்கிறார். இளைஞன் தடுத்த கைக்குப் பக்கத்தில் ஓர் அகப்பை வைத்துவிட்டுப் போகிறான். கிழவி சிரிக்கிறார். சாப்பிடுகிறார்.

பந்தியின் ஓரத்தில் தாய் உண்கிறாள். இரண்டு கையும் விடுதலையாக இருந்து உண்ணும் சோறு. மூன்று மாதத்தில் இப்படி எத்தனை வேளை வாய்த்திருக்கும். பக்கத்தில் மாமி இலை போடாமல் மடியில் குழந்தையோடு இருக்கிறார். காலை ஆட்டுகிறார். வாயில் தாலாட்டு.

"நீங்களும் சாப்பிடுங்கோவன் மாமி."

"நீ சாப்பிட்டு எழும்பு. நான் அடுத்த பந்தியிலை இருப்பன்."

வாசலில் அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்கள். படகால் இப்போதுதான் இறங்கியவர்கள். ஒருவர் மடியைத் தடவிக் காசை எடுத்து, சிட்டை கொடுக்கும் யன்னல் எங்கே என்று கேட்கிறார்.

சாப்பாட்டுக்குச் சிட்டை இல்லை.